கலைக் குடும்பத்துப் பிள்ளை நடிக்க வரும்போது: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா வானொலி நாடக நடிகர், அம்மா மேடையில் நடித்தவர், பெரியப்பா படம் எடுத்தவர், மாமா ஒப்பனைக் கலைஞர். இப்படியொரு வீட்டில் பிறந்து, கொழும்பில் இருந்துகொண்டே நடிப்பைத் தொழிலாக்க நினைக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் எழுதியது இது. வீட்டுப் பெயர் உங்களுக்கு முதல் அழைப்பை வாங்கித் தரும். அந்த முதல் வேலையில் உங்களைப் பார்த்தவர்கள்தான் இரண்டாவது அழைப்பைத் தருவார்கள். இங்குள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது அழைப்பைப் பற்றியவை.

சின்ன வயதிலிருந்தே படப்பிடிப்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தனியாகப் பயிற்சி தேவையா?

தேவை. மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தேவை என்று சொல்லலாம்.

செட்டில் வளர்ந்த பிள்ளைக்குச் சில விஷயங்கள் தானாகவே வந்திருக்கும். காத்திருக்கத் தெரியும், யாருக்கு என்ன வேலை என்று தெரியும், லைட் மாற்றும்போது ஒதுங்கி நிற்கத் தெரியும். ஆனால் வசனத்தைப் பாடமாக்குவது, எதிரே நிற்பவர் பேசுவதை உண்மையாகவே காதில் வாங்குவது, ஒரே காட்சியை எட்டுத் தடவை ஒரே உயிரோடு செய்வது எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் வருவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இலங்கைத் தமிழ் நடிப்பின் வேர் வானொலியிலும் மேடையிலும்தான். இலங்கை வானொலியில் சானா வளர்த்த நாடகப் பரம்பரை, எஸ். ராமதாஸ், கே. எஸ். பாலச்சந்திரன் போன்றவர்களின் குரல் நடிப்பு, தாசீசியஸ், சுந்தரலிங்கம் போன்றவர்களின் மேடை நாடகங்கள் எல்லாம் குரலை முன்னிறுத்தியவை. வானொலியில் வெற்றி பெற்ற ஒரு நாடகத்தின் பாத்திரங்களை வைத்தே 1976இல் ‘கோமாளிகள்’ படமாக வந்தது. அந்த வழியில் வந்த வீடுகளில் பிள்ளைகளுக்கு உச்சரிப்பும் மூச்சும் நன்றாக அமைந்திருக்கும். ஆனால் கமரா முன்னால் நின்றால் எல்லாம் ஒரு படி கூடிவிடும்.

இதைச் சோதிக்க ஒரு வழி: “சாப்பிட்டுட்டியா?” என்ற ஒரு வரியை எடுங்கள். மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி ஒரு தடவை, சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு தடவை, பக்கத்தில் நித்திரையாகப் போகிறவருக்கு ஒரு தடவை சொல்லி, மூன்றையும் முகம் முழுத் திரையில் வரும்படி ஃபோனில் எடுங்கள். மூன்றாவதில் உங்கள் புருவம் அசையாமல் இருந்தால் நீங்கள் கமராவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலான மேடை வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்றிலும் புருவம் ஒரே அளவில்தான் ஏறும். கண்ணாடி பார்த்துத் திருத்த வேண்டாம், அது இன்னும் கூட்டும். நாளுக்கு 10 நிமிடம் எடுத்துப் பார்த்து அழித்தாலே இரண்டு மூன்று மாதத்தில் குறையும்.

“அப்பாவைப் போலவே நடிக்கிறாய்” என்கிறார்கள். நல்லதுதானே?

அன்பாகச் சொல்கிறார்கள். தொழிலுக்கு அது ஆபத்து. அப்பாவை விரும்பும் இயக்குநர் அப்பாவையே அழைப்பார். அப்பா இல்லாத இடத்தில் அவருடைய நகலைத் தேடுபவர், ஒரு தடவைக்கு மேல் உங்களைத் தேடமாட்டார்.

அப்பா நடித்த ஒரு காட்சியையும் நீங்கள் நடித்த ஒரு காட்சியையும் சத்தத்தை அணைத்துவிட்டு அடுத்தடுத்துப் பாருங்கள். கை எங்கே போகிறது, கோபம் வந்தால் தலை எந்தப் பக்கம் சாய்கிறது, வசனத்துக்கு முன் எங்கே மூச்சை இழுக்கிறீர்கள் என்று குறியுங்கள். பிறகு படத்தை மறைத்துச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். வரியின் கடைசிச் சொல்லை இழுக்கும் பழக்கம்தான் வீட்டிலிருந்து அதிகம் ஒட்டிக்கொள்வது. நான்கைந்து பழக்கங்கள் பிடிபடும். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு மாதம் அதைச் செய்யாமல் ஒத்திகை பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட முயன்றால் உடம்பு மரக்கட்டையாகிவிடும்.

முதல் இரண்டு வருடம், அப்பா பெயர் வாங்கிய மாதிரியான வேடத்தை ஏற்காதீர்கள். அவர் நகைச்சுவைக்குப் பெயர் போனவர் என்றால் நீங்கள் வேறெதிலாவது தொடங்குங்கள். பழைய நாடகத்தை மகனை வைத்து மீண்டும் போடுவோம் என்று நினைவு விழாக்களில் கேட்பார்கள். மரியாதைக்காக ஒரு மேடையில் செய்யலாம். அதை வீடியோ எடுத்து உங்கள் தொழில் பதிவுகளில் சேர்க்க வேண்டாம்.

தமிழில் எங்கே கற்கலாம்?

பாடசாலையிலிருந்தே தொடங்கலாம். நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடமாக இருக்கிறது. தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நாடகப் பிரிவு உண்டு. பல்கலைக்கழகம் என்றால் தமிழ்மொழியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டக்களப்பில் இயங்கும் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமும் முதலில் பார்க்க வேண்டியவை. கொழும்பிலுள்ள கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்தை நினைப்பவர்கள் தங்கள் சிங்களத்தை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டப்படிப்புக்கு வெளியே, ஒரு நாடகக் குழுவில் சேர்வதே நேரான வழி. வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு நிகழ்ச்சிகள் பார்க்கப் போய்வந்தாலே யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். லயனல் வென்ட், எல்பின்ஸ்டன் அரங்குகளில் நடக்கும் சிங்கள, ஆங்கில நாடகங்களையும் விடாமல் பாருங்கள். மொழி முழுதாகப் புரியாதபோதுதான் உடம்பு என்ன பேசுகிறது என்று கண் தேடத் தொடங்கும்.

ஒரு நிபந்தனை: உங்கள் குடும்பத்தில் யாரும் சம்பந்தப்படாத இரண்டு மேடைத் தயாரிப்புகளிலாவது முழுதாக, ஒத்திகை முதல் திரை மூடும் வரை, இருந்திருக்க வேண்டும். வசனமில்லாத வேடமானாலும் சரி, அரங்கப் பொருட்கள் எடுத்து வைக்கும் வேலையானாலும் சரி. உங்களை யாருடைய பிள்ளை என்றும் பார்க்காமல் திட்டும் ஒருவரிடம் வேலை செய்த அனுபவம் அங்கேதான் கிடைக்கும்.

சிங்களம் தெரியாமல் முடியுமா?

முடியும். ஆனால் வயிற்றுப்பாடு கஷ்டம். இலங்கையில் படம், தொலைக்காட்சி நாடகம், விளம்பரம் மூன்றிலும் பெரும்பகுதி வேலை சிங்களத்தில் நடக்கிறது. தமிழ்ப் பாத்திரம் செய்தாலும் இயக்குநர், ஒளிப்பதிவாளர், லைட் பொடியன்மார் பேசுவது சிங்களத்தில்தான். “இரண்டடி பின்னால், முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம்” என்பதை யாராவது மொழிபெயர்க்கும்வரை நீங்கள் நின்றால் ஒரு டேக் (காட்சியை ஒரு தடவை எடுப்பது) போய்விடும்.

முன்னுதாரணங்களுக்குக் குறைவில்லை. சிங்களத் திரையின் முதல் பெரிய நட்சத்திரம் ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். 1947இல் வெளியான முதல் சிங்களப் பேசும் படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். நம் காலத்தில் தர்ஷன் தர்மராஜ் 2022இல் மறையும் வரை சிங்களப் படங்களில் முக்கிய வேடங்கள் செய்தார். நிரஞ்சனி சண்முகராஜா இரு மொழியிலும் நடிக்கிறார்.

முதலில் செட்டுச் சிங்களத்தைப் பிடியுங்கள். திசைகள், எண்கள், நேரம், உடுப்பு, உடம்பின் உறுப்புகள், உணர்ச்சிச் சொற்கள். 200 சொற்கள் போதும் தொடங்க. அடுத்தது எழுத்து. சிங்கள வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் உச்சரிப்பு கெட்டுவிடும், ஏனென்றால் க, ச, ட, த, ப ஐந்துக்கும் சிங்களத்தில் தனித்தனி ஒலிகள் இருக்கின்றன. ‘ப’வையும் ‘bப’வையும் போல இரண்டாக ஒலிப்பதை நம் எழுத்து ஒன்றாகவே காட்டும். எழுத்தைப் படித்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

முறை சொல்லி அழைப்பதிலும் கவனம் வேண்டும். சிங்களத்தில் ‘அய்யா’ என்றால் அண்ணன். வயதில் மூத்த தொழிலாளியை அப்படி அழைப்பது அன்பு. நம் ‘ஐயா’ என்று நினைத்துத் தயாரிப்பாளரை அப்படி அழைத்துச் சங்கடப்பட வேண்டாம். ‘அக்கா’ இரு மொழியிலும் ஒன்றே.

எங்கள் வீட்டுத் தமிழ் நன்றாகத்தானே இருக்கிறது. வழக்குகளையும் பழக வேண்டுமா?

கட்டாயம். கொழும்பில் வளர்ந்த நடிகருக்குப் பெரிய பலம் இதுதான், ஏனென்றால் எல்லா வழக்குகளும் ஒரே பஸ்ஸில் கேட்கும். “நான் நேற்று வந்தேன், உன்னைக் காணவில்லை” என்பதை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தவர் “நான் நேற்று வந்தனான், உன்னைக் காணேல்லை” என்பார். கொழும்பில் “நேத்து வந்தேன், ஒன்னக் காணல்ல” என்போம். மலையகத்தில் “நேத்து வந்தேன், ஒன்னையக் காணோம்” என்று வரும். முஸ்லிம் வீடுகள் சிலவற்றில் ‘இருக்கு’ என்பது ‘ஈக்கி’ ஆகும்.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. யாழ்ப்பாணத்து ‘ற்ற’வில் ‘ர’கர ஒலியே இல்லை. நாக்கு நுனி மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் அழுத்தமாகத் தட்டி விடும். ‘காற்று’ என்பதைக் ‘காற்ட்ரு’ மாதிரிச் சொல்லிவிட்டு ‘வாறன், போறன்’ என்று எத்தனை போட்டாலும், யாழ்ப்பாணத்தவர் ஒருவர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஒரு வழக்குக்கு ஒருவர் என்று பேசும் ஆளைப் பிடித்து, அவருடைய அனுமதியோடு 20 நிமிடம் சாதாரணக் கதையைப் பதிவுசெய்து, அதையே திரும்பச் சொல்லிப் பழகுங்கள். பழைய வானொலி நாடகங்களைக் கேட்டுப் பழகினால் 40 வருடத்துக்கு முந்தைய யாழ்ப்பாணம்தான் வாயில் வரும்.

அனுப்ப எத்தனை படங்கள்? எப்படி எடுப்பது?

மூன்று போதும்: முகம், இடுப்புக்கு மேல், முழு உயரம். மேக்கப் இல்லாமல், கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்தது, ஒரே நிறச் சட்டை, கண்ணில் கூர்மை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, காலை 9 மணிக்குள் எடுங்கள்.

கலைக் குடும்பங்களில் நடக்கும் வழமையான தவறு, வீட்டுக்குத் தெரிந்த கல்யாணப் புகைப்படக்காரர் அன்போடு இலவசமாக எடுத்து, தோலை மெழுகாகத் துடைத்துக் கொடுப்பது. ஓடிஷனுக்குப் போகும்போது படத்திலிருப்பவரும் வாசலில் நிற்பவரும் வேறாளாகத் தெரிந்தால் அழைத்தவருக்கு எரிச்சல்தான் வரும். பெற்றோருடன் நிற்கும் படத்தை ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

ஓடிஷன் வீடியோவை வீட்டிலேயே எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?

இப்போது முதல் சுற்று பெரும்பாலும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

ஃபோனின் பின்பக்கக் கமராவைப் பாவியுங்கள், முன்பக்கத்தைவிடத் தெளிவு கூட. ஃபோன் கிடையாக, 1920க்கு 1080 அளவில். கமரா உங்கள் கண் உயரத்தில் இருக்க வேண்டும். புத்தகங்களை அடுக்கி வைத்து உயரம் போதாவிட்டால் கீழிருந்து பார்க்கும் கோணம் வந்து நாடி பெரிதாகத் தெரியும், ஆகவே ஒரு ட்ரைபொட் வாங்குவது வீண் செலவில்லை. பின்னால் வெறும் சுவர், சாம்பல் அல்லது மங்கிய நீலம். சுவரிலிருந்து ஒரு மீற்றராவது முன்னால் நில்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் நிழலும் சேர்ந்து நடிக்கும். சாமிப் படம், விருதுகள் வைத்த கண்ணாடி அலுமாரி, அப்பாவின் பழைய சுவரொட்டி எதுவும் தெரியக்கூடாது.

கமராவையே பார்த்துப் பேசச் சொன்னால் ஒழிய, பார்வை கமராவுக்குப் பக்கத்தில் நின்று மற்றப் பாத்திரத்தின் வசனத்தை வாசிப்பவரின் கண்ணில் இருக்கட்டும். வாசிப்பவர் கமராவை ஒட்டி நிற்க வேண்டும். இரண்டடி தள்ளி நின்றால் உங்கள் பாதி முகம்தான் பதிவாகும். அவர் மெதுவாக, நடிக்காமல் வாசிக்க வேண்டும். இங்கேதான் நடிப்பு வீடுகளில் வேலை கெட்டுப்போகிறது. வாசிக்க நின்ற அம்மா தன்னையறியாமல் முழு உணர்ச்சியோடு நடித்துவிடுவார், ஃபோனுக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய குரலே ஓங்கி ஒலிக்கும். நடிக்காத ஒரு நண்பரைக் கூப்பிடுங்கள்.

சத்தம்தான் கொழும்பின் பெரிய தொல்லை. மேல் மின்விசிறியை நிறுத்துங்கள், ஏசியையும். காலி வீதிப் பக்க ஜன்னல்களைச் சாத்துங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் இருந்தால் ரயில் போகும் நேரங்களை ஒரு நாள் குறித்துவைத்து, இடைவெளியில் எடுங்கள். காகங்களுக்கு நேரம் காலம் இல்லை, மத்தியானம் 1 முதல் 3 வரை கொஞ்சம் அடங்கும். ஒரு கம்பி மைக்கைச் சட்டைக்குள் குத்தினாலே தரம் பல மடங்கு உயரும்.

முதலில் பெயர், உயரம், இருக்கும் ஊர் மட்டும் சொல்லுங்கள். “இன்னாரின் மகள்” என்று சொல்ல வேண்டாம், தெரிந்தவருக்குத் தெரியும். காட்சியை நான்கு தடவைக்கு மேல் எடுக்காதீர்கள். இரண்டு வித்தியாசமான டேக்குகளை அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நசுங்கிவிடும், ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்புங்கள். மின்னஞ்சல் என்றால் இணைப்பு அனுப்பி, யார் திறந்தாலும் தெரியும்படி அனுமதியை மாற்றினீர்களா என்று வேறொரு ஃபோனிலிருந்து சரிபாருங்கள். திறக்காத இணைப்புக்காக யாரும் திரும்ப அழைப்பதில்லை.

ஷோரீல் (நீங்கள் நடித்த காட்சிகளின் சிறு தொகுப்பு) எவ்வளவு நீளம்?

90 விநாடி. முதல் 10 விநாடியில் உங்கள் முகமும் குரலும் வர வேண்டும். பாட்டுப் போட்டு வெட்டியது வேண்டாம். தமிழ் ஒரு காட்சி, சிங்களம் ஒரு காட்சி இருந்தால் சிறப்பு.

நடிப்பு வேலை கிடைக்கும்வரை எதைச் செய்வது?

குரல் வேலையைத் தொடங்குங்கள். விளம்பரக் குரல், டப்பிங், வானொலி நாடகம், ஆவணப்பட விவரணம், தொலைபேசி அறிவிப்பு என்று தமிழ்க் குரலுக்குக் கொழும்பில் வேலை தொடர்ந்து இருக்கிறது. பல விளம்பரங்கள் மூன்று மொழியிலும் தேவைப்படுகின்றன என்பதே காரணம். உங்கள் வீட்டுப் பெயருக்கு உள்ள மதிப்பும் இந்தத் துறையில்தான் அதிகம்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி வையுங்கள். நேராக ஊதாமல் சற்றுப் பக்கவாட்டாகப் பேசினால் ‘ப’ வெடிக்காது. பிரதியைச் சேர்த்துக் குத்தாமல் தனித்தனித் தாளாக வைத்து, பேசி முடித்த பின் சத்தமில்லாமல் நகர்த்துங்கள். பாலும் குளிர்பானமும் பதிவுக்கு முன் வேண்டாம், தண்ணீரும் ஒரு துண்டு பச்சை அப்பிளும் வாயின் பிசுபிசுப்பைப் போக்கும். சிங்கள விளம்பரத்தின் 30 விநாடியில் தமிழ் வசனம் அடங்காது, ஏனென்றால் மொழிபெயர்ப்பு நீண்டுவிடும். எந்தச் சொல்லை வெட்டலாம் என்று மரியாதையாகச் சொல்லத் தெரிந்த குரல் கலைஞரைக் கலையகங்கள் விடாது.

அப்பாவின் நண்பர் இப்போது பெரிய தயாரிப்பாளர். எப்படிக் கேட்பது?

நேரடியாக, சுருக்கமாக, நீங்களே கேளுங்கள். அப்பா கேட்டால் அவர் மறுக்க முடியாமல் ஒரு வேடம் தருவார், பிறகு உங்களை மறந்துவிடுவார். செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கம் அங்கிள். நான் நடிப்புப் பழகி இரண்டு வருடமாகிறது, இரண்டு மேடை நாடகம் செய்திருக்கிறேன். உங்கள் அடுத்த நாடகத்துக்கு ஓடிஷன் வைக்கும்போது மற்றவர்களோடு சேர்த்து என்னையும் பார்ப்பீர்களா? 90 விநாடி வீடியோ இணைத்திருக்கிறேன். சரிவராவிட்டால் எதனால் என்று ஒரு வரி சொன்னால் பெரிய உதவி.”

இதில் முக்கியமான சொற்கள் ‘மற்றவர்களோடு சேர்த்து’. பதில் வராவிட்டால் மூன்று கிழமை கழித்து ஒரு தடவை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

பெற்றோர் படப்பிடிப்புக்கு வரலாமா?

18 வயதுக்கு மேல் என்றால் வர வேண்டாம். மூத்த கலைஞர் ஒருவர் மொனிட்டருக்குப் பின்னால் நிற்கும்போது இயக்குநர் உங்களைத் திருத்தக் கூச்சப்படுவார். திருத்தப்படாத நடிகருக்கு அந்த நாளில் கிடைக்கும் லாபம் எதுவுமில்லை.

முதல் நாள் செட்டில் அதிகம் பிழை விடுவது எதில்?

மார்க்கில். நிலத்தில் ஒட்டிய டேப்பில் குனிந்து பார்க்காமல் வந்து நிற்க வேண்டும். மார்க்கில் நின்றுகொண்டு, காட்சி தொடங்கும் இடத்துக்குப் பின்னோக்கி நடந்து அடிகளை எண்ணுங்கள். ஐந்து என்றால், டேக்கில் அதே காலை முதலில் வைத்து ஐந்து. ஓரக்கண்ணில் ஒரு கதிரை நுனியையோ கதவு நிலையையோ அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் முன்னால் வந்தாலும் முகத்தைக் கிட்டத்தில் எடுக்கும்போது கண் மங்கிவிடும்.

அடுத்தது தொடர்ச்சி. தேநீர்க் கோப்பையை எந்தச் சொல்லில் தூக்கினீர்கள், எந்தக் கையில் என்பது எல்லா டேக்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் டேக்கிலேயே ஐந்து தடவை குடித்துவிட்டால், மாலை வரை எல்லாக் கோணத்துக்கும் ஐந்து தடவை குடிக்க வேண்டிவரும்.

சொன்ன நேரத்துக்கு 20 நிமிடம் முன்னால் போங்கள். ஹைலெவல் வீதியில் மழை பெய்தது என்பது காரணமாகாது. மத்தியானம் சாப்பாட்டுக்கு வரிசையில் நில்லுங்கள். பெரிய வீட்டுப் பிள்ளை வரிசையில் நின்றதை லைட் பிடித்தவர் அடுத்த செட்டில் சொல்வார்.

வீட்டுக் காசில் ஒரு முழுநீளப் படம் எடுத்து மகனைக் கதாநாயகனாக்க நினைக்கிறோம்.

தயவுசெய்து வேண்டாம், குறிப்பாக வீட்டை ஈடுவைத்து வேண்டாம். இலங்கையில் தமிழ்ப் படத்துக்கான பார்வையாளர் தொகை சிறியது, அதே திரையில் அதே கிழமையில் தமிழகத்துப் படம் ஓடும். காசு திரும்பாதது ஒருபுறம். மகனிடம் “இந்த டேக் சரியில்லை” என்று சொல்லக்கூடிய ஒருவரும் அந்தச் செட்டில் இருக்கமாட்டார்கள் என்பதுதான் பெரிய கேடு.

அந்த ஆசைக்கு ஒரு குறும்படம் போதும். 8 முதல் 10 நிமிடம், மூன்று பாத்திரம், ஒரே வீடு, இரண்டு நாள் படப்பிடிப்பு. இயக்குநர் குடும்பத்துக்கு வெளியே உள்ளவராக, கடைசி வெட்டு அவருடைய முடிவாக இருக்கட்டும். கமராவுக்குக் குறைத்தாலும் ஒலிப்பதிவாளருக்குக் குறைக்காதீர்கள். விழாக்களில் நம் குறும்படங்கள் தள்ளப்படுவதற்கு அடிக்கடி காரணமாவது சத்தம்தான். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். பொதுமக்களுக்குக் காட்டுவதானால் தணிக்கைச் சபையின் அனுமதியும் வேண்டும். பௌத்தாலோக மாவத்தையிலுள்ள தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தில் நடைமுறைகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் என்ன பார்க்க வேண்டும்?

“நம்ம ஆக்கள்தானே” என்று எழுதாமல் விடுவது கலைக் குடும்பத்தாரின் பரம்பரை நோய். கடிதம் தராவிட்டால், பேசி முடித்த அன்றே நீங்கள் ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: எத்தனை நாள், நாளுக்கு எத்தனை மணி, தொகை, எந்தத் தேதியில் காசு, இரவு 10 மணிக்குப் பிறகு வாகனம், கடைசி நேரத்தில் ரத்தானால் எவ்வளவு. “சரி” என்று ஒரு பதில் வந்தால் அது பதிவு.

விளம்பரத்தில் தொகையைவிடப் பாவனைக் காலம் முக்கியம். ஆறு மாதமா ஒரு வருடமா, இலங்கைக்கு மட்டுமா, வெளிநாட்டுக்குமா, தொலைக்காட்சிக்கா, வீதிப் பதாகைக்குமா என்று கேளுங்கள். போட்டி நிறுவன விளம்பரத்தில் நடிக்கக்கூடாது என்ற வரி இருந்தால் அதற்குத் தனியாகக் காசு கேட்கலாம். குரல் வேலையில், உங்கள் குரலைக் கொண்டு செயற்கைக் குரல் உருவாக்கக்கூடாது என்று எழுத்தில் வாங்குங்கள்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துநர்களுக்குச் சில உரிமைகளைத் தருகிறது. ஆனால் உங்கள் நடிப்பைப் படத்தில் சேர்க்கச் சம்மதித்துவிட்டால் பிறகு அவற்றை வைத்துப் பெரிதாகச் செய்ய முடியாது. ஆகவே வேண்டியதைக் கையொப்பத்துக்கு முன் கேளுங்கள். 18 வயதானவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து வரி இலக்கம் எடுத்துவையுங்கள். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் விலக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய். பதிவதால் மட்டும் வரி கட்ட வேண்டிவராது.

குடும்பப் பெயரைப் போடலாமா?

போடுங்கள், ஒளிப்பதால் பயனில்லை. முக்கியம் எழுத்துக்கூட்டு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே மாதிரி முடிவுசெய்து ஃபோனில் வைத்திருந்து, படப்பிடிப்பு முடியும் நாளில் உதவி இயக்குநருக்கு அனுப்புங்கள். சிங்கள எழுத்தோட்டத்தில் தமிழ்ப் பெயர்கள் சிதைவது இதைச் செய்யாததால்தான். காசோலை மட்டும் அடையாள அட்டைப் பெயருக்கு.

சிங்களத் தயாரிப்புகளில் தமிழர் என்றால் ஒரே மாதிரி வேடம்தான் தருகிறார்கள்.

உண்மை, வலிக்கிற உண்மை. போராளி, தோட்டத் தொழிலாளி, கடைக்காரர். ஏற்பதற்கு முன் கேளுங்கள்: இந்தப் பாத்திரத்துக்குப் பெயர் இருக்கிறதா, அவருக்கென்று ஒரு விருப்பம் இருக்கிறதா, அவர் இல்லாவிட்டால் கதை மாறுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் காசுக்காகச் செய்யலாம், ஷோரீலில் போட வேண்டாம்.

செட்டில் வசனத்தைத் தமிழாக்கச் சொல்வார்கள். ஒரு வரி என்றால் உதவி. முழுப் பிரதி என்றால் அது வேறு வேலை, அதற்கு வேறு தொகையும் எழுத்தோட்டத்தில் மொழி ஆலோசகர் என்ற பெயரும் வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

சென்னைக்குப் போகலாமா?

கொழும்பில் உள்ள வீட்டுப் பெயர் கோடம்பாக்கத்தில் செல்லாது என்பதை ஏற்றுக்கொண்டு போங்கள். சுற்றுலா விசாவில் அங்கே நடித்துச் சம்பளம் வாங்க முடியாது. வேலைக்குரிய விசாவைத் தயாரிப்பு நிறுவனமே ஏற்பாடு செய்ய வேண்டும், அதைச் செய்யத் தயாரில்லாதவரின் வாக்குறுதியை நம்பாதீர்கள். வாய்ப்புக்கு முன்பணம் கேட்பவர் வாய்ப்பு வைத்திருப்பவரல்ல.

அங்குள்ள பெரிய குடும்பத்துப் பிள்ளைகளும் நேராக வந்துவிடவில்லை. சிவகுமாரின் மகன் சூர்யா 1997இல் அறிமுகமாகும் முன் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை செய்தார். தம்பி கார்த்தி அமெரிக்காவில் பொறியியல் முதுகலை படித்து, மணிரத்னத்திடம் உதவி இயக்குநராக இருந்து, 2007இல்தான் நடிக்க வந்தார். மறுபக்கம், கான் திரைப்பட விழாவில் 2015இல் தங்கப் பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தின் நாயகன் ஷோபாசக்தி, அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர், எந்தத் திரைக் குடும்பத்தையும் சேர்ந்தவரல்லர்.

பிள்ளைக்கு 12 வயது. நடிக்க விடலாமா?

இலங்கையில் வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயது 2021இல் 16 ஆக்கப்பட்டது. ஆகவே சிறுவர் நடிப்பதற்கு என்ன அனுமதி எடுத்திருக்கிறார்கள் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பாடசாலை நாட்களில் வேண்டாம், பெற்றோரில் ஒருவர் கண்ணெதிரே இருக்க வேண்டும், இரவுப் படப்பிடிப்பு வேண்டாம், வரும் காசு பிள்ளையின் பெயரிலுள்ள கணக்குக்குப் போக வேண்டும். அழும் காட்சிக்காக உண்மையிலேயே பயமுறுத்தி அழவைக்க முயன்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

தனியறையில் ஓடிஷன் என்றால்?

போக வேண்டாம். ஆணோ பெண்ணோ, ஹோட்டல் அறை, வீடு, இரவு நேரம் மூன்றுக்கும் மறுப்புத்தான். அலுவலகத்திலோ மண்டபத்திலோ வைக்கச் சொல்லுங்கள், கூட ஒருவரை அழைத்துப் போய் வெளியே இருத்துங்கள். உடுப்பு மாற்றும் காட்சி, நெருக்கக் காட்சி எதுவும் முதல் ஓடிஷனில் கேட்கப்பட வேண்டியதல்ல. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. “அப்பாவின் பெயர் கெட்டுவிடும்” என்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோரே, அந்தப் பயம் உங்கள் பிள்ளைக்கு வராமல் இன்றே பேசிவிடுங்கள்.

“அப்பாவால வந்தவன்” என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

“ஓம், அவரால்தான் இந்த வாசல் தெரியும்” என்று சொல்லிவிட்டு வசனத்தைப் பாருங்கள். மறுத்து வாதாடினால் அன்றைய நாள் அதிலேயே போகும்.

எத்தனை வருடம் கொடுத்துப் பார்க்கலாம்?

ஐந்து, பக்கத்தில் வேறொரு வருமானத்தோடு. ஒரு கொப்பியில் ஒவ்வொரு ஓடிஷனையும் எழுதுங்கள்: தேதி, யார் அழைத்தது, வீட்டுப் பெயரால் வந்ததா வேலையைப் பார்த்து வந்ததா, கிடைத்ததா, கிடைக்காவிட்டால் என்ன சொன்னார்கள். முதல் வருடம் வீட்டுப் பெயரால் வந்தவைதான் நிறைய இருக்கும், அதில் வெட்கமில்லை. மூன்றாவது வருடம் முடியும்போது, முன்பு வேலை செய்த இடத்திலிருந்தே திரும்ப அழைத்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.